தமிழில் கையெழுத்தும் தட்டச்சும்: மொரீஷியஸில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் க்ரியோல்தான் பேசுகிறோம். பிள்ளை தமிழ் எழுத்தை முதலில் கையால் எழுதிப் பழகட்டுமா, கணினியிலேயே தொடங்கலாமா?

கையால்தான். காதில் தமிழ் அதிகம் விழாத பிள்ளைக்கு எழுத்தின் வடிவமே பெரிய பிடிமானம். விசையைத் தட்டும்போது எழுத்தை அடையாளம் கண்டால் போதும். கையால் எழுதும்போது அதை நினைவிலிருந்து உருவாக்க வேண்டும். இரண்டு சுழி ன, மூன்று சுழி ண என்ற வேறுபாடு, ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, காலுக்கும் ரகரத்துக்கும் உள்ள வேறுபாடு எல்லாம் விரல் அந்தக் கோட்டில் போய் வந்தால்தான் நிற்கும்.

பார்த்து எழுதும் பயிற்சியை மட்டும் நம்ப வேண்டாம். பிள்ளை பத்து வரி அழகாகப் பார்த்து எழுதும். புத்தகத்தை மூடினால் ஒரு சொல் வராது. தினம் பத்துச் சொல் சொல்லுங்கள், கேட்டு எழுதட்டும். மரம், மறம்; பல், பள்; மனம், மணம் என்று இணை இணையாகச் சொல்லி, பொருளையும் சேர்த்துக் கேளுங்கள். பிழையான சொல்லை மறுநாள் பட்டியலில் மறுபடி சேருங்கள். பிரெஞ்சு கூட்டெழுத்துக்குப் பழகிய கை தமிழ் எழுத்துகளையும் ஒன்றோடொன்று இழுத்துச் சேர்க்கப் பார்க்கும். தமிழில் எழுத்துக்கு எழுத்து பேனாவை எடுக்க வேண்டும் என்பதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

உயிர்மெய் வரிசை தடுமாறாமல் வந்த பிறகு, ஒன்பது பத்து வயதில், விசைப்பலகையைத் தொடங்கலாம். அதற்குமுன் பிள்ளையின் விரல்களுக்குப் பெரியவர்களுக்கான பலகை எட்டாது. ஒரு விரலால் தேடித் தட்டும் பழக்கம் வந்துவிட்டால் பிறகு அதைக் கழற்றுவது கடினம்.

கையால் குறிப்பெடுத்தால் நன்றாக நினைவில் நிற்கும் என்று ஆராய்ச்சியே சொல்கிறதாமே?

ஓரளவு. 2014-இல் பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் இருவரும் வெளியிட்ட ஆய்வைத்தான் பலரும் சொல்கிறார்கள். மடிக்கணினியில் குறிப்பெடுத்த மாணவர்கள் சொன்னதைச் சொன்னபடியே அடித்துக்கொண்டு போனார்கள். புரிதலைச் சோதித்த கேள்விகளில் கையால் எழுதியவர்கள் முந்தினார்கள். பின்னாளில் வேறு குழுக்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது வேறுபாடு அவ்வளவு தெளிவாக வரவில்லை.

நார்வேயில் நடந்து 2024-இல் வெளியான மூளை அலை ஆய்வில், கையால் எழுதும்போது மூளையின் பகுதிகளுக்கிடையே தொடர்பு அதிகம் என்று கண்டார்கள். ஆனால் அதில் தட்டச்சு செய்தவர்கள் வலது ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே தட்டினார்கள். பத்து விரலாலும் பார்க்காமல் அடிப்பவருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. எழுத்தையும் சொல்லையும் கற்கும் கட்டத்தில் பேனா. கற்றதை வைத்துக் கடிதம், கட்டுரை, கோவில் அறிவிப்பு எழுதும் கட்டத்தில் விசைப்பலகை. எங்கள் பரிந்துரை இதுதான்.

தேர்வுத் தாள் கையால்தானே எழுத வேண்டும்? தட்டச்சு பழகினால் கை வேகம் குறையாதா?

தட்டச்சு பழகுவதால் குறையாது. கையால் எழுதுவதை நிறுத்தினால்தான் குறையும். தமிழ்த் தாள் எழுதப்போகும் மாணவர் வாரத்தில் இரண்டு நாளாவது ஒரு முழுக் கட்டுரையைக் கடிகாரம் வைத்துக் கையால் எழுத வேண்டும். கை வலித்தால் பெரும்பாலும் காரணம் பேனாவை இறுக்கிப் பிடிப்பது. தாளைப் புரட்டிப் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள்; எழுத்து புடைத்திருந்தால் அழுத்தம் அதிகம். மை எளிதாக இறங்கும் ஜெல் பேனாவுக்கு மாறி, முனையிலிருந்து சுமார் மூன்று சென்டிமீட்டர் மேலே பிடியுங்கள்.

தமிழ் அடிக்க எந்த முறையைக் கற்க வேண்டும்? ஒலிபெயர்ப்பு முறையே சுலபமாகத் தெரிகிறதே.

முதல் நாள் சுலபம்தான். ஆங்கில எழுத்தை அடித்தால் தமிழ் வருகிறது. ஆனால் மொரீஷியஸ்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. நாம் தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதும் வழக்கம் பிரெஞ்சு வழியில் வந்தது. முத்து, சுப்பிரமணியன் போன்ற பெயர்களில் உகரத்துக்கு 'ஓ', 'யூ' இரண்டையும் சேர்த்து எழுதுகிறோம், அல்லது இரண்டு 'ஓ' போடுகிறோம். ஒலிபெயர்ப்பு முறைகளோ ஆங்கில வழக்கத்தை வைத்து அமைந்தவை. அவற்றில் ஒன்றான 'அஞ்சல்' முறையில் இரண்டு 'ஓ' போட்டால் ஓகாரம். தகரத்துக்கு 'டி'யோடு 'எச்' சேர வேண்டும். அடையாள அட்டையில் உள்ளபடி முத்துவை அடித்தால் 'மோடோ' வந்து நிற்கும். ல, ள, ழ; ன, ண, ந என்று வரும்போது எதற்குப் பெரிய எழுத்து, எதற்கு வேறு எழுத்து என்று தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். தமிழ்ச் சொல்லை மனத்தில் ரோமனாக மாற்றி, திரும்பத் தமிழாக்கும் வேலை ஒவ்வொரு சொல்லுக்கும் நடக்கிறது.

தமிழ் 99 முறையில் ஓர் எழுத்துக்கு ஒரு விசை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு இது. 'வணக்கம்' என்பதற்கு ஆறு தட்டு: வ, ண, க, க, ம, புள்ளி. அஞ்சலில் அதே சொல்லுக்கு எட்டுத் தட்டு, கூடவே ணகரத்துக்கு ஷிஃப்ட். வாரம் ஒரு செய்தி மட்டும் அனுப்புகிறவருக்கு ஒலிபெயர்ப்பு போதும். பள்ளியிலோ சங்கத்திலோ தொடர்ந்து தமிழ் அடிக்க வேண்டியவர் தமிழ் 99 கற்பதே சரி.

விண்டோஸில் தமிழைச் சேர்த்துவிட்டேன். ஆனால் எழுத்துகள் எங்கெங்கோ இருக்கின்றன. ஏன்?

நீங்கள் தமிழைச் சேர்த்ததும் தானாக வந்தது இன்ஸ்கிரிப்ட் அமைப்பாக இருக்கும். இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது அது. 'கே' விசையில் ககரம் வரும், 'எச்' விசையில் பகரம் வரும். இதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் திறந்து, டைம் அண்ட் லாங்குவேஜ், அதில் லாங்குவேஜ் அண்ட் ரீஜன் போங்கள். தமிழுக்கு எதிரே உள்ள மூன்று புள்ளியை அழுத்தி லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் திறந்து, ஆட் எ கீபோர்டு என்பதில் தமிழ் 99-ஐத் தேர்ந்தெடுங்கள். பிறகு அதே பக்கத்தில் பழைய தமிழ் அமைப்பை நீக்குங்கள். நீக்காவிட்டால் மொழி மாற்றும்போதெல்லாம் அதுவும் குறுக்கே வரும். பிரெஞ்சுக்கும் தமிழுக்கும் மாற விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்த வேண்டும். மேக் கணினியில் தமிழ் 99 உள்ளேயே இருக்கிறது. பழைய விண்டோஸில் இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம்.

நிறுவியதும் கக என்று இருமுறை தட்டிப் பாருங்கள். க்க என்று வந்தால் சரி. வராவிட்டால், அந்த மென்பொருள் எழுத்துகளின் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தானியங்கிப் புள்ளியை (மெய் இரட்டிக்கும்போது முன்னதன்மேல் தானாக விழும் புள்ளியை) விட்டுவிட்டது. வேறொன்றைப் பாருங்கள்.

தமிழ் 99-இல் எழுத்துகள் எப்படி அமைந்திருக்கின்றன?

உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். வகரமும் ஙகரமும் மட்டும் இடக் கைக்கு வந்துவிட்ட மெய்கள்.

நடு வரிசையில் இடமிருந்து வலமாக: அ, இ, உ, ஃ, எ; அடுத்து க, ப, ம, த, ந, ய. மேல் வரிசை: ஆ, ஈ, ஊ, ஐ, ஏ, அடுத்து ள, ற, ன, ட, ண, ச, ஞ. கீழ் வரிசை: ஔ, ஓ, ஒ, வ, ங, ல, ர, பிறகு காற்புள்ளி, முற்றுப்புள்ளி, கடைசியில் ழ.

இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அகரத்துக்கு மேலே ஆகாரம், இகரத்துக்கு மேலே ஈகாரம், உகரத்துக்கு மேலே ஊகாரம், எகரத்துக்கு மேலே ஏகாரம். குறில் தெரிந்தால் விரலை ஒரு படி ஏற்றினால் நெடில். 'எஃப்', 'ஜே' விசைகளில் விரலுக்குத் தட்டுப்படும் சிறு மேடு இருக்கும். இட ஆள்காட்டி விரல் அந்த மேட்டில் நின்றால் அடியில் இருப்பது ஃ. மெய்யெழுத்துக்குப் பின் அதே விசைதான் புள்ளி. தமிழில் ஓயாமல் தேவைப்படும் புள்ளி, தேடாமலே விரலடியில் கிடக்கிறது. வல ஆள்காட்டி விரலின் அடியில் பகரம்.

ஷிஃப்டோடு மேல் வரிசையின் இடக் கோடியிலிருந்து ஸ, ஷ, ஜ, ஹ, க்ஷ, ஸ்ரீ வரும். இவற்றில் முதல் ஐந்தும் இடக் கை விசைகள் என்பதால் வலப்பக்க ஷிஃப்டை அழுத்துங்கள். 'மொரீஷியஸ்' என்று அடிக்க: ம, ஒ, ர, ஈ, ஷிஃப்டோடு ஷ, இ, ய, ஷிஃப்டோடு ஸ, புள்ளி. மொத்தம் ஒன்பது விசை.

என் மடிக்கணினி பிரான்ஸிலிருந்து வந்தது, அஸெர்டி பலகை. தமிழ் 99 வேலை செய்யுமா?

செய்யும். தமிழ் 99 விசையின் இடத்தைத்தான் பார்க்கிறது, மேலே அச்சிட்டிருக்கும் எழுத்தைப் பார்ப்பதில்லை. வரைபடங்கள் எல்லாம் குவெர்ட்டி என்ற ஆங்கிலப் பலகையை வைத்து வரையப்பட்டிருப்பதால்தான் குழப்பம். விண்டோஸ் கணினியின் அஸெர்டி பலகையில் இப்படி மாற்றிப் படியுங்கள்: அகரம் 'கியூ' அச்சிட்ட விசையில், ஆகாரம் 'ஏ' அச்சிட்ட விசையில். ஈகாரம் 'இசட்', ஔகாரம் 'டபிள்யூ'. நகரம் 'எம்' அச்சிட்ட விசை; யகரம் அதற்கு வலப்பக்கம் உள்ள உச்சிக்குறி போட்ட 'யூ'. சகரம் கூரைக்குறி விசை, ஞகரம் டாலர் குறி விசை. ரகரம் காற்புள்ளி விசை, ழகரம் வியப்புக்குறி விசை. மற்ற எழுத்துகள் குவெர்ட்டி வரைபடத்தில் உள்ளபடியே.

அலுவலகத்தில் குவெர்ட்டி, வீட்டில் அஸெர்டி என்று இருப்பவருக்குப் பிரெஞ்சு அடிக்கும்போதுதான் விரல் தடுமாறும். தமிழில் இரண்டிலும் விரல் ஒரே இடத்துக்குத்தான் போகிறது. விசைகளின்மேல் தமிழ் எழுத்து ஒட்டிகளை ஒட்டாதீர்கள். ஒட்டினால் கண் கீழேயே இருக்கும். வரைபடத்தை அச்சிட்டுத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தி வையுங்கள்.

தானாக வரும் புள்ளி சில சமயம் தப்பான இடத்தில் வருகிறதே?

விதி இரண்டுதான். ஒரே மெய் இருமுறை வந்தால் முன்னதற்குப் புள்ளி: க்க, ப்ப, த்த, ட்ட. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் முன்னதற்குப் புள்ளி: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. அதனால் அந்த, இந்த, எந்த ஒவ்வொன்றுக்கும் மூன்றே தட்டு.

புள்ளி வேண்டாத இடத்தில் முதல் மெய்யை அடுத்து அகரத்தைத் தட்ட வேண்டும். பப்பாளி: ப, அ, ப, ப, ஆ, ள, இ. தத்துவம்: த, அ, த, த, உ, வ, ம, புள்ளி. தவறான உயிரைத் தட்டிவிட்டால் முழு எழுத்தையும் அழிக்கத் தேவையில்லை. பேக்ஸ்பேஸ் ஒருமுறை அழுத்தினால் பெரும்பாலான செயலிகளில் உயிர்க்குறி மட்டும் போய் மெய் நிற்கும். அதன்பின் உயிரைத் தட்டும்போது குறியாக ஒட்டாமல் 'கஉ' என்று தனி எழுத்தாக வந்தால், அந்த மெய்யையும் அழித்துவிட்டு இரண்டையும் புதிதாகத் தட்டுங்கள்.

எப்படிப் பயிற்சி செய்வது? எவ்வளவு நாளாகும்?

தினம் இருபது நிமிடம், காலையில் பத்து, மாலையில் பத்து. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்கார்வதில் பயன் குறைவு. விரலின் பழக்கம் இடைவெளி விட்டுத் திரும்பச் செய்வதில்தான் ஊறும்.

நடு வரிசையை வைத்தே நிறையச் சொல் அடிக்கலாம் என்பது தமிழ் 99-இன் பெரிய வசதி. முதல் வாரம் இவை போதும்: அது, இது, எது, நதி, மதி, கத்தி, புத்தி, பகுதி, தகுதி, பக்தி, கம்பு, பயம், மயக்கம், இயக்கம். ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் விரல் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். அடுத்த வாரம் மேலே உள்ள நெடில்கள்: தாய், காய், மாமா, தேதி, பாதை. அதன்பின் வல மேல் வரிசை: கன்று, நண்டு, பஞ்சு, பண்டிகை. கீழ் வரிசை கடைசியில்: தங்கம், வாழை, கோவில், ஒலி, ஓலை.

ஒரு வரிசை கைவராமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். நூறு தட்டில் பிழை ஐந்துக்குமேல் போனால் வேகத்தைக் குறையுங்கள். வேகமாகப் பிழையோடு அடித்தால் அந்தப் பிழையையும் சேர்த்துத்தான் விரல் கற்கிறது. கீழே பார்க்கத் தோன்றினால் கைகளின்மேல் ஒரு கைக்குட்டையை விரித்துவிடுங்கள்.

ஆங்கிலமோ பிரெஞ்சோ முன்பே பார்க்காமல் அடிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு மாதத்தில் அமைப்பு மனத்தில் பதிந்துவிடும். புதிதாகத் தொடங்குபவர் அதைப்போல் இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளட்டும். நடுவில் ஒரு கட்டம் வரும். பழைய ஒற்றைவிரல் முறையைவிடப் புது முறை மெதுவாக இருக்கும். பெரும்பாலோர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். அந்த நாட்களில் அவசர வேலையைப் பழைய முறையில் முடித்துக்கொள்ளுங்கள்; பயிற்சி நேரத்தில் மட்டும் கலக்காதீர்கள்.

நிமிடத்துக்கு இத்தனை சொல் என்பதைத் தமிழுக்கு எப்படிக் கணக்கிடுவது?

ஆங்கிலத்தில் ஐந்து தட்டை ஒரு சொல்லாகக் கொள்வார்கள். தமிழில் சொல்லை எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். 'வந்துகொண்டிருக்கிறார்கள்' ஒரே சொல். எழுத்தை எண்ணுவதும் சரிவராது. 'வணக்கம்' கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணினிக்குள் ஏழு குறியீடு, தமிழ் 99-இல் ஆறு தட்டு. இணையத்தில் உள்ள சோதனைகள் இவற்றில் எதை எண்ணுகின்றன என்பதைப் பொறுத்து மதிப்பெண் மாறும். ஒரே பத்தியை, ஒரே சோதனையில், வாரம் ஒருமுறை அடித்து உங்கள் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள்.

வலக் கைச் சுண்டுவிரல் வலிக்கிறது.

எதிர்பார்க்கக்கூடியதுதான். தமிழ் 99-இல் ந, ய, ண, ச, ஞ, ழ ஆறும் அந்த ஒரு விரலின் பொறுப்பு. விரலை மட்டும் நீட்டி எட்டாதீர்கள், முழங்கையிலிருந்து கையையே சற்று நகர்த்துங்கள். மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்தி வைத்திருந்தால் கை நகராது, விரல்தான் இழுபடும். பலகையின் பின்கால்களை மடக்கிப் படுக்க வையுங்கள். முழங்கை ஏறக்குறையச் செங்கோணத்தில் இருக்கும்படி நாற்காலியை உயர்த்துங்கள். கால் தரையில் படாவிட்டால் ஒரு பலகை போடுங்கள். மடிக்கணினியில் நீண்ட நேரம் வேலை என்றால் தனிப் பலகை ஒன்றை வாங்கிச் செருகிக்கொண்டு, திரையைக் கண் மட்டத்துக்கு ஏற்றலாம். இரவில் விரல் மரத்துப்போனால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

சரியாகத்தான் தெரிகிறது, ஆனால் தேடினால் அந்தச் சொல் கிடைக்கவில்லை. ஏன்?

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் வேறு எழுத்தை அடித்திருப்பீர்கள். 'ஔவையார்' என்பதை ஒ, ள என்று இரண்டாக அடித்தால் 'ஒளவையார்'. 'மௌனம்' என்பதில் மெ, ள போட்டால் 'மெளனம்'. அச்சில் வித்தியாசம் அதிகம் தெரியாது, கணினிக்கு முற்றிலும் வேறு சொல். ஔகாரத்துக்கு என்று உள்ள விசையையே பயன்படுத்துங்கள்.

நம் ரூபாய் நோட்டில் உள்ள தமிழ் எண்களை அடிக்கும்போதும் இதே தவறு நடக்கிறது. ௧ என்பது ககரம் அல்ல, ௨ உகரம் அல்ல. ஒன்றிலிருந்து ஒன்பதுவரை ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯ என்று தனிக் குறியீடுகள் உள்ளன. விண்டோஸின் கேரக்டர் மேப்பில் தமிழ்ப் பகுதியிலிருந்து எடுத்து ஒட்டலாம்.

கைபேசியில் என்ன செய்வது?

கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகைச் செயலியில் தமிழைச் சேர்க்கும்போது கையெழுத்து முறையையும் தேர்ந்தெடுக்கலாம். திரையில் விரலால் எழுதினால் அச்செழுத்தாக மாறும். எழுதத் தெரிந்து தட்டச்சு பழகாத பெரியவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தாமல் முழுச் சொல்லையும் எழுதினால் சரியாகப் பிடிக்கும். குரல்வழி உள்ளீடு சாதாரணச் சொற்களுக்கு நன்றாக வரும். காத்ர் போர்ன், க்யூர்பிப் போன்ற ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஐபோனில் தமிழ் 99, அஞ்சல் இரண்டும் உண்டு.

சங்கத்தின் பழைய காவடி மலர்க் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது. திரும்ப அடிக்க வேண்டுமா?

வேண்டாம். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யூனிகோடு முறை பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துரு என்றால் ஆங்கில எழுத்துகளின்மேல் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்ததுதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியிலுள்ள ஆங்கில எழுத்து தெரிகிறது. சொற்களின் நடுவே அரைப்புள்ளி நிறைய வந்தால் அது பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துரு. அதில் மெய்யின் புள்ளிக்கு அந்த விசைதான். உரையை நகலெடுத்து, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவி ஒன்றில் ஒட்டுங்கள். முதலில் ஒரு பத்தியை மட்டும் மாற்றிப் பாருங்கள். சொல் சொல்லாகப் படிக்க வந்தால் எழுத்துரு சரி, வராவிட்டால் கருவியில் வேறு எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். ஒரே கோப்பில் பிரெஞ்சுப் பத்திகளும் இருந்தால் அவற்றை முன்பே தனியாக எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கருவி அவற்றையும் தமிழாக்கிக் குழப்பிவிடும். மாற்றிய பின் கொம்பு வரும் எழுத்துகளையும், ஔகாரத்தையும், ஸ்ரீயையும் மூலத்தின் அச்சுப் பிரதியோடு வைத்து ஒப்பிடுங்கள். மாற்றத்தில் சிதைவது பெரும்பாலும் இவைதான்.